வாசகர் கேள்வி – பதில்: வழியில் கண்ட பறவையைப் படம் பிடிக்க

பறவை பார்க்கவென்று காடு மேடு போகாமல், வேலைக்குப் போகும் வழியிலும் வீட்டு வளவிலும் தற்செயலாகக் காணும் பறவைகளைப் படம் பிடிப்பது பற்றி யாழ்ப்பாணத்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்குச் சேர்த்திருக்கிறோம்.

தினமும் காலமை சைக்கிளில் வேலைக்குப் போகும்போது கரண்ட் வயரில் ஒரு மீன்கொத்தி இருக்கும். போனில் சூம் செய்து எடுத்தால் கறுப்புப் பொட்டு ஒன்றுதான் விழுகிறது. நல்ல கமரா வாங்காமல் வழி இல்லையா?
– வாசகி, கோண்டாவில்

வழி இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் காண்பது வெண்மார்பு மீன்கொத்தியாக இருக்க வேண்டும். குளம், கடல் இல்லாத இடத்திலும் ஓணான், வெட்டுக்கிளி பிடித்துத் தின்று வாழ்வது அதுதான். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர். போனின் சாதாரண லென்ஸில், 4000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தில், 20 மீற்றர் தூரத்துப் பறவைக்குக் கிடைப்பது 40 புள்ளி. விரலால் விரித்துச் சூம் செய்தால் போன் அந்த 40 புள்ளியை இழுத்துப் பெரிதாக்கும். புதிதாக ஒரு இறகும் அதில் வராது. அதே பறவையை 8 மீற்றரில் எடுத்தால் 100 புள்ளி. ஐந்து மடங்கு தொலைநோக்கு லென்ஸ் உள்ள போன் என்றால் அந்தத் தூரத்தில் 500 புள்ளி வரை கிடைக்கும். அது பத்திரிகையில் போடவே போதும்.

தொலைநோக்கு லென்ஸ் இருந்தும் படம் மங்கலாக வருகிறது என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண லென்ஸுக்கு மாறிவிட்டு, அதன் நடுப்பகுதியை வெட்டித் தரும். லென்ஸை விரலால் மறைத்துப் பார்த்தால் எது வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். புரோ முறையில் லென்ஸை நீங்களே தெரிவு செய்யலாம்.

தொலைநோக்கு லென்ஸ் இல்லையென்றால் பைனாகுலர் உதவும். 8 மடங்கு பைனாகுலரின் ஒரு கண்ணில் போனை வைத்தால் அந்த 40 புள்ளி 320 ஆகும். கண்வைக்கும் இறப்பர் வளையத்தை வெளியே இழுத்துவிட்டு, அதன்மேல் போனின் சாதாரண லென்ஸைச் சரி நடுவில் பொருத்துங்கள். படத்தைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு விழுந்தால் போனில் ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு சூம் வையுங்கள். பிறை போலக் கறுப்பு ஒரு பக்கமாக ஏறினால் லென்ஸ் நடுவில் இல்லை என்று அர்த்தம். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி வளையமாகச் சுற்றிக்கொண்டால் போன் வழுக்காது. பைனாகுலரை மதிலிலோ சைக்கிள் சீற்றிலோ ஊன்றுங்கள். கையில் பிடித்தபடி இதைச் செய்வது கஷ்டம்.

கறுப்பாக விழுவதற்குக் காரணம் வேறு. பின்னால் இருப்பது வானம். போன் வானத்துக்கு அளந்து பறவையை இருட்டாக்கிவிடுகிறது. பறவைமேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். வானம் வெளுக்கட்டும், பறவையின் நீலம் தெரியும்.

இனி, கிட்டப் போவது. சைக்கிளை விட்டு இறங்காதீர்கள். சைக்கிளில் போகும் ஆட்களை எங்கள் ஊர்ப் பறவைகள் நாள் முழுக்கக் காண்கின்றன. அவை பயப்படுவது திடீரென நின்று, இறங்கி, தன்னை நோக்கி நேரே நடந்து வரும் மனிதருக்கு. மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, பறவைக்கு நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளிக் கால் ஊன்றுங்கள். பறவை தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் பறக்கப் போகிறது, அல்லது இரையைக் கண்டுவிட்டது. பறந்தாலும் போய்விடாதீர்கள். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் இரையைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால், வாயில் ஓணானுடன் வரும் பறவையைப் படம் பிடிப்பீர்கள்.

300 மி.மீ. லென்ஸுடன் கமரா வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பையைத் திறந்து, எல்லாம் சரி செய்வதற்குள் பறவை போய்விடுகிறது. தப்பித் தவறி எடுத்தாலும் மங்கல். வெள்ளைக் கொக்கு வெறும் வெள்ளைத் தாளாக வருகிறது.
– வாசகர், சாவகச்சேரி

வீட்டை விட்டு வெளிக்கிடும்போதே கமராவைப் பறவைக்கென்று வைத்துவிட்டுப் போங்கள். ஷட்டர் வேகம் 1/1000 செக்கன். துவாரம் லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்து, அதாவது எஃப் 5.6 அல்லது 6.3. ஐ.எஸ்.ஓ. (கமரா ஒளியை உணரும் அளவு) தானியங்கியில், உச்சம் 3200. சிறிய சென்சர் உள்ள பெருஞ்சூம் கமராவானால் 800க்கு மேல் விடாதீர்கள். குவியம் தொடர் முறையில், குவியப் புள்ளி நடுவில், படப்பிடிப்பும் தொடர் முறையில். பையில் லென்ஸ் மூடி வேண்டாம். லென்ஸின் முன்வளையத்தை (ஹூட்) பொருத்தி வையுங்கள், அது கண்ணாடியைக் காக்கும். நேற்று அந்தி மங்கலில் வைத்த அளவுகளோடு இன்று காலமை பறவையைச் சந்திப்பதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

மங்கலுக்கு இரண்டு காரணம் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலிக் கதியாலும் சேர்ந்து மங்கினால் உங்கள் கை ஆடியிருக்கிறது. கதியால் தெளிவாக இருந்து பறவை மட்டும் மங்கினால் பறவை ஆடியிருக்கிறது. லென்ஸில் உள்ள அசைவுத் தடுப்பு முதலாவதை மட்டுமே தீர்க்கும். அசையாமல் குந்தியிருக்கும் கொக்குக்கு 1/250 போதும். வாலை ஆட்டிக்கொண்டே திரியும் சிட்டுக்கு 1/1000. பறப்பதற்கு 1/2000க்குக் குறையாமல். மோட்டார் சைக்கிளில் இருந்தபடி எடுப்பதானால் எஞ்ஜினை நிறுத்துங்கள். ஓடும் எஞ்ஜினின் அதிர்வு உங்கள் கைக்குத் தெரியாது, படத்தில் தெரியும்.

கொக்கின் விஷயம்: கமரா தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். புகையிலைத் தோட்டத்துப் பச்சைக்கு நடுவே ஒரு கொக்கு நின்றால், பெரும்பகுதி இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு வெளுத்து அழியும். அப்படியான இடத்தில் வெளிச்ச ஈட்டை (கமராவில் +/− குறியுள்ள அமைப்பை) −0.7 முதல் −1 வரை குறையுங்கள். மழை வானத்துக்கு எதிரே அதே கொக்கு பறந்தால் எதிர்மாறாக +1. காகம், கரிச்சான், ஆண் குயில் போன்ற கறுப்புப் பறவைகள் படச் சட்டத்தை நிறைத்தால் கமரா தானாகவே வெளுக்கவைக்கும், அப்போது சற்றுக் குறைக்க வேண்டும். வானத்துக்கு எதிரே சிறிதாகத் தெரிந்தால் கூட்ட வேண்டும். கொக்கு வெள்ளை, காகம் கறுப்பு என்று நிறத்தை மட்டும் பார்த்து ஒரே விதி சொல்ல முடியாதது இதனால்தான்: சட்டத்தில் எது கூட இடத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

கண்டவுடன், இருக்கும் தூரத்திலேயே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். அது சாட்சிப் படம். பிறகு நாலு அடி, ஒரு படம். மீண்டும் நாலு அடி. நேரே போகாமல் சாய்வாகப் போங்கள். இரை பொறுக்குவதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால், உடலை ஒடுக்கினால், எச்சமிட்டால், அதற்கு மேல் ஒரு அடியும் வைக்க வேண்டாம்.

பண்ணைப் பாலத்திலும் வல்லை வெளியிலும் பூநாரைகளைப் பல தரம் எடுத்தேன். ஒரு படமும் கூர்மையாக இல்லை. லென்ஸ் பழுதா? நிறமும் ரோசாவாக வரவில்லை.
– வாசகர், நல்லூர்

எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. பத்து மணிக்குப் பிறகு என்றால் லென்ஸில் பிழை இல்லை. சேறும் தார் றோட்டும் சூடேறியதும் அவற்றின் மேலுள்ள காற்று கொதிநீர் போல அலைகிறது. வெப்பம் வேறுபட்ட காற்று ஒளியை ஒவ்வொரு கணமும் வேறு வேறாக முறிக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அந்த அலையை ஊடுருவாது. பெரிய லென்ஸ் அலையையும் பெரிதாக்கிக் காட்டும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்: பறவையின் விளிம்பு நெளிந்தால் படத்தை மறந்துவிடலாம். விடிந்து எட்டு, எட்டரைக்குள், அல்லது மழை பெய்து மூட்டமாக இருக்கும் நாளில் போங்கள். தார் றோட்டுக்குக் குறுக்காக எடுக்காமல் நீரோரத்துக்கு வந்து நின்று எடுங்கள். அலை இலேசாக இருந்தால் 20, 30 படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்றிரண்டு தப்பும்.

நிற்கும் பக்கமும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் பிறப்பை ஒட்டி நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். வலசைப் பறவைகள் நிறையும் ஐப்பசி முதல் மாசி வரை அது தெற்கே சாய்ந்தே போகும். ஆகவே அந்த மாதங்களில் றோட்டின் வடக்கு, வடமேற்குப் பக்க நீரைப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகிலும் பறவையின் முகத்திலும் விழும். அதே காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். பறவைகள் காற்றை எதிர்த்தே நிற்கும், காற்றை எதிர்த்தே எழும்பும். வடமேற்கைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு அவை வலப்பக்கமாக, பக்கவாட்டாக எழும்பும். சட்டத்தில் வலப்புறம் இடம் விட்டு வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் திசை மாறும்.

நிறத்தைப் பற்றி: வளர்ந்த பூநாரை நிற்கும்போது பெரும்பாலும் வெள்ளைதான். ஆழ்ந்த ரோசா மடித்த சிறகுக்குள் இருக்கிறது. சிறகை விரித்தால் ரோசாவும் கறுப்பு ஓரமும் பளிச்சென்று தெரியும். இளம் பறவைகள் சாம்பல் கலந்த மண்ணிறம். உண்ணும் இறால் வகைச் சிற்றுயிர்களிலிருந்தும் பாசியிலிருந்தும்தான் நிறம் ஏறுகிறது. கணினியில் ரோசா பூசாதீர்கள். வயது தெரியாமல் போய்விடும்.

கிட்டப் போவதற்காகச் சேற்றில் இறங்கவே வேண்டாம். கூட்டம் முழுவதும் எழும்பிவிடும், சேறும் காலை வாங்கும். தூரத்தில் ரோசாக் கோடாக நிற்கும் கூட்டத்தையும் அதன் பின்னால் பனைகளின் வரிசையையும் சேர்த்து எடுங்கள். நெருக்கப் படத்தைவிட அதுதான் இந்த ஊர்ப் படம் என்பது எங்கள் எண்ணம்.

விறாந்தையில் தொங்கும் வயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுக்கு இரை கொடுப்பதைக் கிட்ட நின்று எடுக்கலாமா?
– வாசகி, பருத்தித்துறை

கிட்ட நின்று வேண்டாம். கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்குவதும் வெட்டுவதும் பிளாஷ் போடுவதும் கூடவே கூடாது. நீங்கள் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காகமும் செண்பகமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இலை மறைப்பு போனால் குஞ்சும் போகும். அறைக்குள் லைற்றை அணைத்து, யன்னல் கண்ணாடியோடு லென்ஸை ஒட்டி வைத்து எடுங்கள். பத்து நிமிடத்துக்குள் தாய் வரவில்லையென்றால் நீங்கள் இடைஞ்சல், விலகிவிடுங்கள். கூட்டையும் முட்டையையும் எடுப்பதோ குலைப்பதோ 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம் என்பதையும் சிறுவர்களுக்குச் சொல்லி வையுங்கள். தேன்சிட்டு வேண்டுமென்றால் வாழைப்பொத்திக்கும் செவ்வரத்தைக்கும் முன்னால் காத்திருங்கள். பொத்தியில் புதிதாக மடல் விரிந்த காலையில் திரும்பத் திரும்ப வரும்.

மாரிக்குப் பிறகு லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது.
– வாசகர், ஊர்காவற்றுறை

பூஞ்சணம். உள்ளே படர்ந்ததைத் திருத்துநரிடம்தான் கொடுக்க வேண்டும். இனி வராமல் இருக்க, தோல் பையிலும் அலுமாரியிலும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் வைப்பது தூசியைத்தான் சேர்க்கும். கடற்கரையால் வந்த அன்றே, ஈரம் பிழிந்த துணியால் கமராவின் உடலைத் துடைத்து உப்பை எடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே போனால் அரை மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம், கண்ணாடியில் நீர் பூக்கும்.

பெரிய லென்ஸைத் தூக்கினாலே கேள்வி கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், காங்கேசன்துறை

இராணுவ, கடற்படை முகாம்கள், விமான நிலையம், துறைமுகம் இருக்கும் திசைக்கு லென்ஸைத் திருப்ப வேண்டாம், அங்கே எந்தப் பறவை இருந்தாலும். கேட்டால் கமராத் திரையில் படங்களைக் காட்டுங்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்; பறவைக் கூட்டத்தின் மேல் அதைப் பறக்கவிடுவதை அனுமதி இருந்தாலும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

எங்கள் வளவுத் தென்னையில் பொன் நிற முதுகுள்ள மரங்கொத்தி வருகிறது. கொழும்பில் இருக்கும் மகன் தான் காண்பது சிவப்பு முதுகு என்கிறான். படம் எடுத்து அனுப்பினால் சொல்வீர்களா?
– வாசகி, சுன்னாகம்

இருவரும் சொல்வது சரி. தெற்கில் உள்ளது சிவப்பு முதுகு மரங்கொத்தி, இலங்கைக்கே உரியது. வடக்கில் உள்ளது பொன்முதுகு. அதன் அறிவியல் பெயரிலேயே எங்கள் ஊர் இருக்கிறது: டைனோபியம் பெங்காலென்ஸே ஜாஃப்னென்ஸே. இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதிகளில் கலந்து, செம்மஞ்சள் முதுகுள்ள பறவைகளும் உண்டு. அதனால் முதுகின் நிறத்தை உள்ளபடி பதிவது பெறுமதியானது.

வெண்மைச் சமநிலையை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் பகல் வெளிச்சத்தில் பூட்டுங்கள். காலை ஏழு மணி வெயில் எதையும் பொன்னாக்கும். ஒன்பது மணியளவில், நிழலில்லாத இடத்தில் ஒரு படமாவது வேண்டும். முதுகு ஒரு படம், தலை பக்கவாட்டாக ஒரு படம். உச்சந்தலை முழுவதும் சிவப்பென்றால் ஆண். முன் தலை கறுப்பில் வெள்ளைப் பொட்டும் பின்கொண்டை மட்டும் சிவப்புமென்றால் பெண்.

மரங்கொத்தி உங்களைக் கண்டால் தண்டின் மறுபக்கத்துக்குச் சுற்றிவிடும். துரத்திச் சுற்றாதீர்கள், அதுவும் சுற்றும். பெரும்பாலும் அது தண்டில் மேலே ஏறி, அங்கிருந்து அடுத்த மரத்தின் கீழ்ப்பகுதிக்குத் தாவும். அடுத்த தென்னையின் இடுப்பளவு உயரத்தில் குவியத்தை வைத்துக் காத்திருங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். கமராவின் திகதியும் நேரமும் சரியா என்று பார்த்து, ஊரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.