தோப்பு வேலைக்கு மடக்குக் கத்தி: லாக் உறுதியானதா, கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று எப்படிப் பார்ப்பது?

சொட்டுநீர்க் குழாய் வெட்ட, கயிறு அறுக்க, உரமூட்டை பிரிக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, பத்தாயிரத்துக்கும் கிடைக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் கத்தி மடங்குகிற மூட்டைப் பாருங்கள். அலகு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மடக்குக் கத்தியின் பலம் அந்த மூட்டின் பலம்தான். அங்கே மூன்று உறுப்புகள் சுமை தாங்குகின்றன: அலகு சுழலும் அச்சாணி, திறந்த அலகு முட்டி நிற்கும் ஸ்டாப் பின், அலகு திரும்ப மடங்காமல் பிடிக்கும் லாக். கீழ்நோக்கி அழுத்தி வெட்டும்போது சுமை அச்சாணிக்கும் ஸ்டாப் பின்னுக்கும் போய்விடும். லாக்குக்கு அப்போது வேலையே இல்லை. அலகின் முதுகுப்பக்கம் விசை விழும்போதுதான் லாக் தேவைப்படுகிறது. குத்திய முனை எதிலோ தட்டி நிற்கும்போது, தடித்த ரப்பரில் சிக்கிய அலகை ஆட்டிப் பிடுங்கும்போது, குழாய்க்குள் விட்டுத் திருகும்போது. விரல் அறுபடுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்.

மலிவான கத்திகளில் அதிகம் காணக் கிடைப்பது லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் வளைந்து வந்து அலகின் அடிக்கட்டைக்கு (அச்சாணி நுழையும் அடிமுனை) பின்னால் முட்டுக்கொடுக்கும். அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். நன்றாகச் செய்தால் நம்பகமானது. ஆனால் கெடுத்துச் செய்வதும் மிகச் சுலபம், ஏனென்றால் தகட்டின் முனையும் அடிக்கட்டையின் சரிவும் சரியான கோணத்தில் சந்திக்க வேண்டும். சரிவு கூடிப்போனால் முதுகில் அடி விழும்போது தகடு வழுக்கி வெளியே ஓடிவிடும். குறைந்துபோனால் தகடு இறுகி ஒட்டிக்கொண்டு, மடக்கவே கட்டைவிரல் நோகும்.

இதைக் கடையிலேயே பார்க்கலாம். கத்தியைத் திறந்து, தகடு அடிக்கட்டையின் அகலத்தில் எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். புதுக் கத்தியில் கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை வந்தால் நல்லது. விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் வழுக்கும் அபாயம். புதிதாக இருக்கும்போதே எதிர்ப்பக்கம்வரை போய்விட்டால், நாளாவட்டத்தில் தேய்வதற்கு இடமில்லை. அடுத்து, மெதுவாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் மாற்றி மாற்றி இருபது தடவை திறந்து பாருங்கள். தகடு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். இடம் மாறினால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள்.

வாங்கிவந்த பிறகு இன்னொரு சோதனை செய்யலாம். தகடு முட்டும் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிப் பத்து முறை திறந்து மூடுங்கள். மை அழிந்த இடம்தான் உண்மையில் தொடும் இடம். அது அச்சாணிக்குத் தள்ளி, தகட்டின் அடிப்பகுதியில் இருந்தால் அலகு அசையாமல் நிற்கும். அச்சாணியை ஒட்டிய மேல்பகுதியில் மட்டும் தொட்டால் அலகு மேலும் கீழும் ஆடும். இந்த ஆட்டத்தை ஸ்குருவை முறுக்கிச் சரிசெய்ய முடியாது.

ஆட்டம் இரண்டு வகை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இடவலமாக ஆடினால் அச்சாணி ஸ்குரு தளர்ந்திருக்கும்; உரிய டார்க்ஸ் பிட்டால் (நட்சத்திரத் தலை ஸ்குருவுக்கானது, பெரும்பாலும் டி8 அல்லது டி10) எட்டில் ஒரு சுற்று முறுக்கினால் போதும். அடிக்கடி தளர்கிறதென்றால் மரையில் நீல நிற லாக்டைட் (ஸ்குரு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. மேலும் கீழுமான ஆட்டம் லாக்கின் குறை. முதுகுப்பக்கம் பூட்டும் பேக் லாக்கில் மயிரிழை அளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மற்றவற்றில் கூடாது.

ஃபிரேம் லாக் என்பது அதே தத்துவம்தான். தனித் தகட்டுக்குப் பதில் கைப்பிடியின் ஒரு பக்கமே வளைந்து முட்டுக்கொடுக்கும். கத்தி வடிவமைப்பாளர் கிறிஸ் ரீவின் செபென்சா கத்தியால் புகழ்பெற்றது. இதில் ஒரு நன்மை உண்டு: இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உங்கள் விரல்களே லாக்கை இன்னும் உள்ளே தள்ளும். லைனர் லாக்கில் நேர்மாறாக, முரட்டுத்தனமாகத் திருகும்போது விரல் சதை தகட்டில் பட்டு அதை விடுவித்துவிடலாம். ஃபிரேம் லாக்கின் பலவீனம், வளைவதற்காக மெலிதாகக் குடைந்திருக்கும் இடம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விட்டிருந்தால் முரட்டு வேலைக்கு வாங்க வேண்டாம். கைப்பிடி டைட்டானியமாக இருந்தால், அலகைத் தொடும் முனையில் எஃகுத் துண்டு பதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் டைட்டானியம் எஃகில் உரசி ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் தேயும்.

உங்கள் வேலைக்கு நான் முதலில் சொல்வது பேக் லாக். முதுகுப்பக்கம் ஒரு நெம்புகட்டை. அதன் கொக்கி அலகின் பள்ளத்தில் விழும். 1964-இல் பக் நிறுவனம் கொண்டுவந்த பக் 110 கத்தி இந்த லாக்கை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. கை திருகும்போது விரல் பட்டு லாக் விடுபடுவது அரிது. கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அந்தப் பள்ளத்தில் சட்டைப்பை நூலும் மண்ணும் சேர்ந்து கொக்கியை முழுதாக விழவிடாது. கத்தியைத் திறந்ததும் நெம்புகட்டை கைப்பிடியின் முதுகோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூக்கிக்கொண்டு நின்றால் லாக் விழவில்லை என்று பொருள். பல்குத்தும் குச்சியால் பள்ளத்தைச் சுரண்டினால் சரியாகிவிடும்.

இதே பேக் லாக்கைக் கத்தி வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ டெம்கோ மேம்படுத்தியதுதான் கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் கத்திகளில் வரும் டிரை-ஆட் லாக். அலகுக்கும் நெம்புகட்டைக்கும் நடுவில் தடித்த ஸ்டாப் பின் ஒன்றை வைத்து, விசை நெம்புகட்டையின் சிறு ஆணிக்குப் போகாமல் கைப்பிடித் தகடுகளுக்குப் போகும்படி செய்தார். நெம்புகட்டையின் துளையும் சற்று நீள்வட்டம். தேய்ந்தாலும் கொக்கி தானே உள்ளிறங்கி ஈடுகட்டும். விற்பனைக்கு வரும் லாக்குகளில் முரட்டு வேலைக்கு இதைவிட உறுதியானதை நான் சொல்லமாட்டேன். மடக்கக் கட்டைவிரலில் பலம் வேண்டும், அவ்வளவுதான்.

குறுக்குக் கம்பி லாக்கும் நல்லது. பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ஆக்ஸிஸ் என்ற பெயரில் பிரபலமாகி, காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கியது. இரு ஸ்பிரிங்குகள் ஒரு கம்பியை அலகுக்கும் ஸ்டாப் பின்னுக்கும் இடையில் தள்ளி வைக்கும். மயிர் போன்ற அந்த ஸ்பிரிங்குகளில் ஒன்று ஒருநாள் ஒடியலாம். மற்றது இருப்பதால் கத்தி உடனே கைவிடாது. வாங்கும்போதே மாற்று ஸ்பிரிங் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த விலையில் என்றால் பிரான்சின் ஒபினல்: 1955-இல் வந்த திருகு வளையம்தான் லாக், கெடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் வளையத்தைத் திருகாமல் விட்டால் லாக்கே கிடையாது. மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகு வெளியே வராது. பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் நழுவி வரும்.

எந்த லாக்காக இருந்தாலும் கடைசிச் சோதனை முதுகுத் தட்டு. அலகின் கூரில் டேப் ஒட்டி, அலகு மடங்கினாலும் விரலில் படாதபடி பிடியின் பக்கங்களை மட்டும் பிடித்து, தடித்த புத்தகத்தின் மேல் முதுகால் மிதமாக நாலைந்து தட்டு. லாக் விடக்கூடாது. இரும்பிலோ கல்லிலோ ஓங்கி அடிக்காதீர்கள். நல்ல லாக்கின் முகமும் அதில் நசுங்கிவிடும்.

இனி எஃகு. அலகில் பொறித்திருக்கும் எஃகின் பெயரைவிட அதற்கு வைத்த பதம் (சூடாக்கிக் குளிர்வித்து ஏற்றும் கடினம்) முக்கியம். பக் நிறுவனம் 420எச்சி என்ற சாதாரண எஃகுக்கு நல்ல பதம் வைத்துப் பல பத்தாண்டுகளாகப் பெயர் வாங்கிவருகிறது. அதே எஃகைப் பதம் கெட்டுச் செய்தால் இரண்டு மூட்டை பிரிப்பதற்குள் மழுங்கிவிடும். பதத்தைப் பார்க்க எளிய வழி, பென்சில் தடிமனுள்ள பித்தளைக் கம்பி. கூரைச் சாணைக் கோணத்தில் கம்பிமேல் வைத்து, கூர் லேசாக வளைவது தெரியும்வரை அழுத்தி எடுங்கள். வளைந்து நிமிர்ந்தால் பதம் சரி. வளைந்தே நின்றால் மென்மை, சில்லு பெயர்ந்தால் கடினம் மிஞ்சிவிட்டது.

மட்டையும் உரமும் ஈரமும் படும் இடத்தில் துருவும் பெரிய எதிரி. 14சி28என் போன்ற துருப்பிடிக்காத எஃகு உங்களுக்குப் பொருந்தும். டி2 கூரை நெடுநாள் காக்கும், ஆனால் முழுமையான ஸ்டெயின்லெஸ் இல்லை. உரத்தூள் பட்ட கையோடு மடக்கி வைத்தால் புள்ளி புள்ளியாகத் துருவேறும். அலகில் வெறும் ‘440’ என்றோ ‘ஸ்டெயின்லெஸ்’ என்றோ மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். 440ஏ, 440பி, 440சி மூன்றும் வேறுவேறு. டமாஸ்கஸ் வரியோடு (எஃகு அடுக்குகளால் வரும் அலைக்கோடுகள்) மலிவாக வந்தால் முதுகைப் பாருங்கள்: உண்மையான வரி முதுகிலும் தொடரும், மேற்பரப்பில் அச்சிட்ட வரி அங்கே நின்றுவிடும்.

தடிமன் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 5 மில்லிமீட்டர் அலகு பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். குழாயை வெட்டப்போனால் ஆப்பு மாதிரிப் பிளந்துகொண்டு நடுவில் சிக்கும். முதுகில் 3 முதல் 3.5 மில்லிமீட்டர், கூருக்குச் சற்று மேலே அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன், பக்கத்துக்கு 20 டிகிரி சாணை: தோப்பு வேலைக்கு இது போதும்.

காசு எங்கே போகிறது என்று பாருங்கள். பால்பேரிங் வைத்த அச்சு, டைட்டானியப் பிடி, தூளுலோக எஃகு இவையெல்லாம் விலையை ஏற்றும். இவற்றால் வழவழப்பும் எடைக்குறைவும் நீடித்த கூரும் கிடைக்கும். மூட்டின் பலம் பெரிதாக உயராது. மண்ணில் புழங்கும் கத்திக்குப் பால்பேரிங் இடைஞ்சல்கூட, மணல் புகுந்து நறநறக்கும். பாஸ்பர் வெண்கல வாஷர் இருந்தால் போதும், தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டால் ஓடும். நடுத்தர விலையில், பெயர் தெரிந்த நிறுவனத்தின் பேக் லாக் அல்லது குறுக்குக் கம்பி லாக்கை வாங்குங்கள். அதற்குமேல் கொடுப்பது உங்கள் ஆசைக்கு. பிரபல நிறுவனத்தின் பெயர் பொறித்து ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு வருவது போலி. அதில் பதமும் லாக்கும் எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எந்த மடக்குக் கத்தியாலும் நெம்பாதீர்கள். முதலில் முனை ஒடியும், அடுத்து அச்சாணி வளையும். மட்டை பிளக்க, நெம்ப, தட்டி இறக்க அரிவாளும் உளியும் இருக்கின்றன. இடுப்பில் உறையோடு கட்டிக்கொள்ள உங்களுக்குச் சம்மதமென்றால், ஸ்வீடனின் மோரா போன்ற மடங்காத கத்தி குறைந்த விலையில் எந்த மடக்குக் கத்தியையும்விடப் பலமானது. லாக் பற்றிய கவலையே இல்லை. ஊருக்கு விமானத்தில் போவதாக இருந்தால் இரண்டில் எதுவானாலும் செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.