ஹோம்ஸ் தாமதமாக வந்து சேரும் படம்

'தி ஸ்கார்லெட் க்ளா'வை பழைய ஹாலிவுட் ஷெர்லக் ஹோம்ஸ் பட வரிசையிலேயே சிறந்த படம் என்று சிலர் சொல்கிறார்கள், ஹோம்ஸின் நண்பர் வாட்சனைக் கோமாளியாக்கிய சுமாரான படம் என்று சிலர் சொல்கிறார்கள், இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதல் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் என்னுடையது இல்லை. கொலையாளி யார் என்பதை இந்தப் பதிலில் சொல்லமாட்டேன். கதையின் நடுவே நடக்கும் ஒரு சாவைப் பற்றி மட்டும் பேசியாக வேண்டும். அதுகூடத் தெரிய வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், 74 நிமிடம்தான்.

பாசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் ப்ரூஸ் வாட்சனாகவும் நடித்து 1939 முதல் 1946 வரை மொத்தம் 14 படங்கள் வந்தன. முதல் இரண்டை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்தது, அவை குதிரை வண்டிக் காலத்துக் கதைகள். மீதி 12 யூனிவர்சல் படங்கள். யூனிவர்சல் ஹோம்ஸை அப்படியே தூக்கி 1940-களில் கொண்டுவந்து வைத்தது. கார், தொலைபேசி, நாஜி ஒற்றர்கள் எல்லாம் வந்தன. 'ஸ்கார்லெட் க்ளா' 1944-ல் வந்தது. இது ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் எழுதிய கதை அல்ல, படத்துக்காகவே எழுதியது. அந்த 12-ல் முதல் படம் தவிர மற்றதையெல்லாம் இயக்கிய ராய் வில்லியம் நீல்தான் இதற்கும் இயக்குநர்.

கதை நடப்பது கனடாவில், கியூபெக் பக்கம் லா மோர் ரூஜ் என்ற கற்பனைக் கிராமத்தில். பெயரின் பொருள் சிவப்புச் சாவு. நள்ளிரவில் தேவாலய மணி விடாமல் அடிக்கிறது. சத்திரத்தில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களே தவிர, போய்ப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் போய்ப் பார்த்தால், கழுத்து கிழிபட்ட ஒரு பெண்மணி மணிக்கயிற்றைப் பிடித்தபடி இறந்து கிடக்கிறார். அவர் பென்ரோஸ் பிரபுவின் மனைவி. அவர் உயிரோடு இருக்கும்போது உதவி கேட்டு ஹோம்ஸுக்கு எழுதிய கடிதம், அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான் ஹோம்ஸ் கைக்குக் கிடைக்கிறது. வழக்கை ஒப்படைத்தவர் ஏற்கெனவே பிணம். தாமதம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

சரி, பார்வையாளர்கள் சொல்லும் குறைகளுக்கு வருவோம்.

டாயிலின் 'பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்' நாவலைச் சுரண்டி எடுத்தது என்பது அடிக்கடி கேட்கும் புகார். சதுப்பு நிலம், இருட்டில் ஒளிரும் உருவம், பேய் என்று நம்பும் ஊர் எல்லாமே அங்கிருந்து வந்ததுதான். மறுக்கவே முடியாது. ஆனால் அந்த நாவலில் ஹோம்ஸ் யாரைக் காப்பாற்ற வந்தாரோ அவரைக் கடைசியில் உயிரோடு மீட்டுவிடுகிறார். இங்கே அது நடக்கவில்லை. அதே சேற்றையும் அதே பனிமூட்டத்தையும் எடுத்துக்கொண்டு, நம்பியவர்களைக் காப்பாற்ற முடியாத ஒரு ஹோம்ஸை அதற்குள் நடக்க விட்டிருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இதை நகல் என்று சொல்ல மனம் வரவில்லை.

சத்திரக்காரர் ஜூர்னேவுக்கு மரீ என்று ஒரு மகள். பதின்வயதுப் பெண், அப்பாவுக்குப் பயந்தவள், சத்திரத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். கொலையாளி தேடுவது அவளை அல்ல, அவள் அப்பாவை. அப்பா ஒளிந்துகொள்கிறார். மகள் சாகிறாள். ஹோம்ஸ் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. அந்த இடத்தில் ராத்போனின் முகத்தைப் பாருங்கள். அந்த வரிசை முழுக்க அவர் முகத்தில் இருப்பது வேகம். வெடுக்வெடுக்கென்று திரும்புவார், எதிராளி பேசி முடிப்பதற்குள் பதிலை வைத்திருப்பார். இங்கே எல்லாம் நின்றுவிடுகிறது. தான் தடுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த முகத்தில் அப்படியே தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். துப்பறியும் படங்களில் சாவு என்பது பெரும்பாலும் அடுத்த தடயத்துக்கான வழி. மரீயின் சாவு அப்படி இல்லை, அது வலிக்கிறது.

அதற்கு முன்னால் நீதிபதி பிரிசோன் வீட்டுக் காட்சி ஒன்று உண்டு. பயந்து நடுங்கி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் மனிதர் அவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். கதவெல்லாம் தாழிட்டாயிற்று. இரவில் ஜன்னல் திரைகள் மூடப்படுகின்றன. தினமும் நடக்கும் வீட்டு வேலை மாதிரி அவ்வளவு நிதானம். நம் கண் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஆபத்து வந்தால் வெளியிலிருந்துதானே வரும் என்று. அப்புறம்தான் புரிகிறது. இதற்கு மேல் சொல்லமாட்டேன். கூச்சலோ அதிரடி இசையோ இல்லாமல் ஒரு திரைச்சீலையை வைத்து இவ்வளவு பயத்தை உண்டாக்கியதற்காகவே இயக்குநர் நீலை மதிக்கிறேன். அந்த நீதிபதியாக நடித்த மைல்ஸ் மாண்டர்தான் அதே வருடம் இதே வரிசையில் வந்த 'தி பேர்ல் ஆஃப் டெத்'தில் வில்லன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள்தானா என்று தோன்றும்.

இப்போது வாட்சன். கதைகளில் வரும் வாட்சன் போர்க்களம் கண்ட ராணுவ மருத்துவர், புத்திசாலி, நம்பகமானவர். ப்ரூஸின் வாட்சன் முணுமுணுத்துக்கொண்டு, தூங்கி வழிந்துகொண்டு, இந்தப் படத்தில் சேற்றுக்குழியில் வேறு விழுந்து எழுகிறார். நாவல் வாசகர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான், நானும் ஒரு காலத்தில் அவர்கள் பக்கம்தான் இருந்தேன். ஆனால் இந்த இரண்டு பேர் மனப்பொருத்தம் எழுத்தில் வராத ஒன்று. ஹோம்ஸ் அவரைக் கிண்டல் செய்வாரே தவிர, அவர் இல்லாமல் எங்கும் போகமாட்டார். இன்னொன்று, ப்ரூஸ் பிறந்தது 1895, ராத்போன் 1892. திரையில் மாமா வயதுக்காரராகத் தெரியும் வாட்சன்தான் உண்மையில் மூன்று வயது இளையவர். அந்தத் தளர்ந்த நடையும் மூச்சிரைப்பும் முழுக்க நடிப்பு என்று தெரிந்த பிறகு எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. சுற்றிலும் இவ்வளவு இருட்டாக இருக்கும் கதையில் அந்த மனிதரின் வெகுளித்தனம் இல்லையென்றால் மூச்சு முட்டியிருக்கும்.

நாமே கண்டுபிடிக்கும்படி தடயங்களை முன்வைக்கவில்லை என்றும் ஒரு குறை சொல்வார்கள். இது உண்மை. கொலையாளி மாறுவேடத்தில் கைதேர்ந்தவன் என்பது தெரிந்ததும், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாகிவிடுகிறது. மரக்கிளையில் சிக்கிய துணித் துண்டை வைத்து ஒளிரும் பேயின் கதையை ஹோம்ஸ் உடைக்கும் இடம் அழகு, ஆனால் அதுபோல இன்னும் இரண்டு மூன்று வேண்டும். காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து புதிர் விடுவிக்க விரும்புகிறவர்களுக்கு இது ஏற்ற படம் இல்லை. அவர்கள் இதே வரிசையில் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் ஃபியர்' பார்க்கலாம்.

கடைசியில் ஹோம்ஸ் காரில் போய்க்கொண்டே கனடாவைப் புகழ்ந்து சர்ச்சில் சொன்ன வார்த்தைகளை எடுத்துச் சொல்வது பலருக்கு உறுத்துகிறது. படம் வந்தபோது போர் நடந்துகொண்டிருந்தது, வரிசையின் அந்தக் காலப் படங்கள் பலவற்றின் முடிவில் இப்படி ஒரு சிறு உரை உண்டு. எனக்கும் அது ஒட்டவில்லை. மகளைப் பறிகொடுத்த ஜூர்னேயை விட்டுவிட்டு அவ்வளவு சீக்கிரம் நாட்டுப் பெருமைக்குத் தாவ என்னால் முடியவில்லை.

பார்ப்பதாக முடிவு செய்தால் ஒரே ஒரு வேண்டுகோள். யூனிவர்சலின் 12 படங்களையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் திரைப்பட ஆவணக் காப்பகம் சீரமைத்திருக்கிறது. அந்தப் பிரதியைத் தேடிப் பிடியுங்கள். நான் முதலில் பார்த்தது மங்கிப்போன பிரதி, சதுப்பு நிலக் காட்சிகளில் பனி எது, ஃபிலிமின் அழுக்கு எது என்றே தெரியவில்லை. சீரமைத்த பிரதியில் அதே பனி தரையோடு தரையாக ஊர்ந்து போவதும், நடுவில் ஒரு கறுத்த மரம் தனியாக நிற்பதும் தெளிவாகத் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.