தக்காளி நாற்று அடியில் சுருங்கிச் சாய்கிறதா?

வணக்கம். உங்கள் தோட்டக் குழு வசந்த நடவுக்காகப் போட்ட தக்காளி நன்றாக முளைத்து, ஒரே வாரத்தில் கொத்துக் கொத்தாகச் சாய்கிறது என்கிறீர்கள். சாய்ந்த ஒன்றை எடுத்துத் தண்டின் அடியைப் பாருங்கள். மண்மட்டத்தில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் சுருங்கி, நீர்கோத்துப் பழுப்பாக இருந்தால் அது நாற்றழுகல். இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவதுதான் பெரிய தவறு. இந்த நோயை உண்டாக்கும் பித்தியம் என்ற கிருமி ஈரத்தில்தான் பரவுகிறது.

சாய்ந்தவை பிழைக்காது. மண்ணோடு அள்ளி அகற்றுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். நாற்றுத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம், புதிய நாற்றுக் கலவைதான். தட்டின் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு விதை, அரை செ.மீ. ஆழம் போதும். முளைக்கும்வரை 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. தட்டை மூடி வைத்திருந்தால், முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். மெல்லிய காற்றோட்டம் இருக்கட்டும். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை 20 நிமிடம் தண்ணீரில் வைத்து எடுத்து, நன்றாக வடியவிடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

நாற்று தயாராக 6 முதல் 8 வாரம் ஆகும். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாத நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மறுபடி விதையுங்கள்.