மருந்து அளவைக் கூட்ட வேண்டாம்

நண்பரே, வனாமி இறால் குளத்தில் வெள்ளைக் கழிசல் நோய், முதலில் பலன் தந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இப்போது பலன் தரவில்லை, அளவைக் கூட்டலாமா என்கிறீர்கள். தயவுசெய்து கூட்டாதீர்கள். வெள்ளைக் கழிசலுக்குப் பல நேரம் இஎச்பி என்ற நுண்ணுயிரிதான் காரணம். அது பாக்டீரியாவே இல்லை, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. காரணம் விப்ரியோ என்ற பாக்டீரியாவாக இருந்தாலும், முதல் சுற்றில் தப்பியவை மருந்தைத் தாங்குபவை. அந்தத் திறனைத் தரும் மரபணுவை அடிச்சேற்றிலுள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கும் அவை கடத்திவிடும்.

இன்றே தீவனத்தைக் குறையுங்கள், தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரை நிறுத்தாதீர்கள், அடிக்கழிவை அகற்றுங்கள். இறாலைச் சென்னையிலுள்ள சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்து பாருங்கள். கடைக்காரர் குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகிய ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டும் தடை செய்யப்பட்டவை, இறாலில் மருந்தின் எச்சம் தெரிந்தால் ஐரோப்பா ஏற்றுமதிச் சரக்கையே திருப்பிவிடும். கழிவுநீரைக் குளோரின் போடாமல் வாய்க்காலில் விடாதீர்கள், அதைத்தான் பக்கத்துக் குளத்துக்காரர் இறைப்பார்.