கேமரா இருக்கட்டும், முதலில் கார்டைத் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மாதம் 34,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஞாயிறு தோறும் பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போவேன். 32,000 ரூபாய் ஆக்‌ஷன் கேமரா ஒன்று 9 மாத நோ காஸ்ட் இஎம்ஐ-யில் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, சின்ன ட்ரோன் நல்லதா? மச்சான் கேட்கும்போதெல்லாம் கார்டைக் கொடுத்துவிடுவேன். அவர் வாங்கிய போனுக்காக 40,000 நிற்கிறது. மாதம் 2,000 கட்டியும் குறையவில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: எப்படிக் குறையும்? கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்தால் 1,400 ரூபாய். அதற்கு 18% ஜிஎஸ்டி 252. ஆக 1,652 போக, உங்கள் 2,000-ல் அசலுக்குச் சேர்வது 348 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் பெட்ரோல் போட்டாலும் முதல் நாளிலிருந்தே வட்டி. போன் மச்சான் கையில், இதெல்லாம் உங்கள் தலையில்.

'நோ காஸ்ட்' என்ற பேச்சையும் விடுங்கள். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் தனி.

அந்தக் கேமராவுக்கு மாதம் 3,500 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதையும் இந்த 2,000-த்தோடு சேர்த்துக் கார்டில் போடுங்கள். புதிதாக எதுவும் தேய்க்காமல் இருந்தால் 9 மாதத்தில் கடன் தீரும். சித்திரையில் ஆரம்பித்தால் தைக்குள் முடிந்துவிடும், பூநாரைகளும் ஏரியில்தான் இருக்கும்.

அப்போதும் ஆக்‌ஷன் கேமரா வேண்டாம். அதன் லென்ஸ் அகலமாகப் பிடிப்பது. பைக்கில் போக நன்றாக இருக்கும், தூரத்துப் பூநாரை மட்டும் அரிசி மணி அளவுக்குத்தான் விழும். ட்ரோன்? ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு வேண்டியது 8x42 பைனாகுலர். 8 என்பது பெரிதாக்கும் அளவு, 42 முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 7,000, 8,000 ரூபாய்க்குள் உருப்படியானது கிடைக்கும். பர்மா பஜாரில் '50 மடங்கு' என்று நீட்டினால் ஏமாறாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் படகில் கை ஆடும்போது பறவையும் கூத்தாடும். எங்கே வாங்கினாலும் கடை வாசலில் நின்று எதிரே உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும் வழிந்தால் கீழே வைத்துவிடுங்கள். பில்லும் வாரண்டியும் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, மச்சான். அவரிடம் கேட்கக் கூச்சம் என்றால் அவர் அக்காவை விட்டுக் கேளுங்கள். மாதம் ஆயிரமாவது வரட்டும். கார்டைத் திரும்ப வாங்கினால் மட்டும் போதாது. அவர் போனில் ஷாப்பிங் ஆப்பைத் திறந்து, அதில் சேமித்திருக்கும் உங்கள் கார்டை அவர் எதிரிலேயே நீக்குங்கள். 'அடுத்த மாசம் தந்துடறேன் மாமா' என்பார். நீக்கிவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.