கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: சேருவதிலிருந்து டிரான்ஸ்ஃபர் வரை, கேள்வி பதில்

கேள்வி: எல்லாம் ஒரே மாநில அமைப்புதானே? அப்புறம் ஏன் ஒரு காலேஜில் சொல்வது பக்கத்து ஊர் காலேஜில் செல்லுபடியாவதில்லை?

பதில்: பெயர் ஒன்று, நிர்வாகம் பல. பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் 116 கல்லூரிகள் 73 டிஸ்ட்ரிக்ட்டுகளாகப் (நிர்வாக வட்டாரங்களாகப்) பிரிந்து கிடக்கின்றன. கிட்டத்தட்ட ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் அந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழு உண்டு. ஆசிரியர் நியமனம், எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கும் என்பதெல்லாம் அவர்கள் கையில். லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட்டில் 9 கல்லூரிகள், ஃபுட்ஹில்–டி ஆன்ஸாவில் 2, பல இடங்களில் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒன்றே ஒன்று. இவற்றுக்கு மேலே சாக்ரமென்டோவில் சான்ஸலர் அலுவலகமும் கவர்னர் நியமிக்கும் மாநிலக் குழுவும் 1967-லிருந்து இருக்கின்றன.

ஒரு கேள்வி எழுந்தால் அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) கட்டணம், ஒரே பாடத்தை எத்தனை தடவை எடுக்கலாம், யார் கலிபோர்னியாவாசி என்பவை மாநில விதிகள். வெயிட்லிஸ்ட், கடைசித் தேதிகள், பார்க்கிங் எல்லாம் அந்தந்தக் காலேஜ். நண்பர்களின் அறிவுரை தவறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். பருவ அமைப்பே வேறுபடும்: டி ஆன்ஸாவில் குவார்ட்டர், பெரும்பாலான மற்ற இடங்களில் செமஸ்டர். ஒரு செமஸ்டர் யூனிட் என்பது ஒன்றரை குவார்ட்டர் யூனிட்.

கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு ஆகும், சார்? நாங்கள் எச்-4 விசாவில் இருக்கிறோம்.

பதில்: கலிபோர்னியாவாசிக்கு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். அசோசியேட் பட்டத்துக்கு (இரண்டு வருடப் பட்டம்) 60 செமஸ்டர் யூனிட், ஆக 2,760 டாலர். அதற்கு மேல் ஹெல்த் ஃபீ, புத்தகம், பார்க்கிங். வெளியாளாகக் கணக்கிட்டால் யூனிட்டுக்குக் கூடுதலாகப் பல நூறு டாலர் சேரும், அதை டிஸ்ட்ரிக்ட்தான் நிர்ணயிக்கிறது. ஆகவே உங்கள் செலவை முடிவு செய்வது யூனிட் கணக்கைவிட ரெசிடென்சிதான், அதாவது உங்களைக் கலிபோர்னியாவாசியாகக் கணக்கிடுகிறார்களா என்பதுதான்.

எச்-1பி (வேலை விசா), எச்-4 (அந்த ஊழியரின் துணைக்கும் பிள்ளைகளுக்குமானது) இரண்டும் கலிபோர்னியாவில் ரெசிடென்சி பெறத் தடையில்லாத விசாக்கள். எஃப்-1 மாணவர் விசாவுக்கு அந்த வழி கிடையாது. பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளை வைத்துப் பார்ப்பார்கள்: அதற்குள் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்துக்கும் சான்று வேண்டும். மாநில வருமான வரிக் கணக்கு, டிரைவர் லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் ரெசிடென்சியே கணக்கு.

ஆன்லைன் விண்ணப்பத்தில் விசா கேள்விக்கு அவசரத்தில் தப்பாக ‘டிக்’ செய்துவிட்டால் கணினி தானாகவே உங்களை வெளியாள் என்று வகைப்படுத்திவிடும். பில்லைப் பார்த்துப் பதறி விலகிவிடாதீர்கள். அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் மறுவகைப்பாடு கேட்டுச் சான்றுகளைக் கொடுங்கள், பருவம் தொடங்கும் முன்பே. பிள்ளைக்கு 21 வயது நெருங்கினால் இன்னொரு வேலை இருக்கிறது: எச்-4 முடிந்து எஃப்-1-க்கு மாறும்போது கட்டண வகையும் மாறக்கூடும், அதை முன்கூட்டியே விசாரியுங்கள். எச்-4-இல் இருப்பவர்களுக்கு ஃபெடரல் உதவித்தொகை கிடையாது.

கேள்வி: என் பெண் பத்தாவது படிக்கிறாள். இப்போதே காலேஜ் பாடம் எடுத்தால் நல்லதா, அக்கா?

பதில்: செலவைப் பொறுத்தவரை நல்லதுதான். பள்ளியும் காலேஜும் ஒப்பந்தம் போட்டு நடத்தும் வகுப்புகளில் (2015-இல் வந்த ஏபி 288 சட்டத்தின் கீழ்) யூனிட் கட்டணமே இல்லை, பருவத்துக்கு 15 யூனிட் வரை எடுக்கலாம். பெண் தானாகப் போய்ச் சேர்ந்தால் வரம்பு 11 யூனிட், பள்ளி முதல்வரின் பரிந்துரைக் கையெழுத்தும் வேண்டும்.

யோசிக்க வேண்டியது மதிப்பெண்ணைத்தான். பத்தாம் வகுப்பில் வாங்கிய டி கிரேடும் நிரந்தரக் காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டில் (மதிப்பெண் பதிவில்) உட்கார்ந்துவிடும், பின்னால் எந்தப் பல்கலைக்கு விண்ணப்பித்தாலும் அதைக் காட்டியாக வேண்டும். அதனால் கோடையில் ஒரே ஒரு பாடம், அவளுக்குப் பிடித்ததாக, அப்படித் தொடங்குங்கள். இன்னொன்று: பெண்ணின் மதிப்பெண்ணைக் காலேஜ் பெற்றோருக்குச் சொல்லாது. அவள் பள்ளி மாணவியாக இருந்தாலும் காலேஜ் பதிவுகள் அவளுடைய உரிமை. அவளே காட்டினால்தான் உண்டு.

கேள்வி: கணக்கில் பிளேஸ்மென்ட் டெஸ்ட் இருக்கிறதா?

பதில்: இல்லை. எந்த நிலைப் பாடத்தில் சேர்ப்பது என்று தேர்வு வைத்து முடிவு செய்வதை 2017-இல் வந்த ஏபி 705 சட்டம் மாற்றிவிட்டது. ஹைஸ்கூல் மதிப்பெண்ணை வைத்து நேரடியாக டிரான்ஸ்ஃபருக்கு (நான்கு வருடப் பல்கலைக்கு மாறுவதற்கு) செல்லும் பாடத்திலேயே சேர்க்க வேண்டும். பலவீனமாக இருப்பவருக்குக் கூடவே ஒரு துணை வகுப்பு கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பாதியில் ஒரு பாடத்தை விட்டால் என்ன ஆகும்?

பதில்: மூன்று தேதிகள் தெரிந்திருக்க வேண்டும். முழுப் பருவப் பாடத்தை முதல் இரண்டு வாரத்துக்குள், குறுகிய காலப் பாடத்தை முதல் 10 சதவீத காலத்துக்குள் விட்டால் பணம் திரும்பும். 20 சதவீதத்தில் சென்சஸ் நாள் வருகிறது, மாநிலம் தலைக்கணக்கு எடுத்துக் காலேஜுக்கு நிதி தருவதற்கான நாள் அது. அதற்கு முன் விட்டால் டிரான்ஸ்கிரிப்ட்டில் தடயமே இருக்காது. அதற்குப் பின் 75 சதவீதம் வரை ‘டபிள்யூ’ (விலகியதற்கான குறி) விழும். அதையும் தாண்டினால் கிரேடுதான்.

சதவீதம் பாடத்தின் நீளத்தைப் பொறுத்தது. 16 வார முழுப் பருவப் பாடத்தில் பணம் திரும்பப் பெற இரண்டு வாரம் இருக்கும், 6 வாரக் கோடைப் பாடத்தில் சில நாட்கள்தான். கோடையில் பலர் மாட்டிக்கொள்வது இதனால்தான். டபிள்யூவும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும். டபிள்யூ, டி, எஃப் எதுவானாலும் மொத்தம் மூன்று முறைதான் ஒரு பாடத்தில் சேரலாம், அதன்பின் வேறு டிஸ்ட்ரிக்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். கடும் நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணம் இருந்தால் ‘ஈடபிள்யூ’ (தவிர்க்க முடியாத காரணத்தால் விலகியதற்கான குறி) கேளுங்கள், அது கணக்கில் வராது.

வகுப்புக்குப் போகாமல் இருந்தால் தானாக நீக்கிவிடுவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். ஆசிரியர் நீக்கினாலும் பணம் தரவேண்டிய கணக்கு அப்படியே நிற்கலாம், அது அடுத்த பருவத்துப் பதிவை முடக்கும்.

கேள்வி: யூசி-க்கு (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற வேண்டும். அசோசியேட் பட்டம் வாங்கினால் இடம் உறுதிதானே?

பதில்: இரண்டு வெவ்வேறு உறுதிகள் குழம்பிப் போகின்றன. டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் (2010-இன் எஸ்பி 1440 சட்டம்) சிஎஸ்யூ (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) அமைப்பில் ஓர் இடத்தை உறுதி செய்கிறது. நீங்கள் விரும்பும் வளாகத்தை அல்ல. யூசி-யில் இருப்பது டேக் எனப்படும், இடத்தை உறுதி செய்யும் தனி ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டும் தருகின்றன, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம். பெர்க்லி, யுசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை. ஆறிலும்கூட கம்ப்யூட்டர் சயின்ஸை விலக்கிய வளாகங்கள் உண்டு, அந்த வருடத்து டேக் அட்டவணையைப் பாருங்கள்.

டேக் மனு செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதோடு முடிந்துவிடாது, இலையுதிர்காலத்தில் பொதுவான யூசி விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும். ஜனவரியில் இலையுதிர்கால மதிப்பெண்களைப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்து இடத்தை இழப்பவர்கள் உண்டு.

பாடத் தேர்வுக்கு அசிஸ்ட் இணையதளம்தான் அதிகாரபூர்வம். உங்கள் காலேஜ், போக வேண்டிய வளாகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று பட்டியலிடும். கால்குலஸ் போன்ற தொடர் பாடங்களில் முதல் பகுதியை ஒரு காலேஜிலும் இரண்டாவதை வேறொரு காலேஜிலும் எடுப்பதைத் தவிருங்கள். பொருளடக்கம் எங்கே வெட்டப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், தொடர் முழுமையாக ஏற்கப்படாமல் போகலாம். குவார்ட்டரும் செமஸ்டரும் கலந்தால் இன்னும் சிக்கல்.

பொதுக்கல்விக்கு (எந்த மேஜரானாலும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களுக்கு) 2025 இலையுதிர்காலத்திலிருந்து கால்-கெட்சி என்ற ஒரே திட்டம் யூசி, சிஎஸ்யூ இரண்டுக்கும் பொருந்துகிறது: 11 பாடங்கள், 34 யூனிட். ஆனால் எஞ்சினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிறவர்கள் அதை முடிப்பதற்காக மேஜர் பாடங்களைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே தேர்வுக் குழு முதலில் பார்ப்பது கணக்கும் புரோகிராமிங்கும் இயற்பியலும்தான்.

கேள்வி: பதிவு செய்யப் போனால் வகுப்புகள் நிரம்பிவிடுகின்றன. மற்றவர்களுக்கு மட்டும் எப்படி இடம்?

பதில்: பதிவு வரிசை விதிப்படி வருகிறது. முன்னாள் ராணுவத்தினர், ஃபாஸ்டர் பராமரிப்பில் வளர்ந்தவர்கள், மாற்றுத்திறனாளி சேவையிலும், குறைந்த வருமான மாணவர்களுக்கு உதவும் இஓபிஎஸ் திட்டத்திலும் உள்ளவர்கள் முதலில். புதியவர்கள் ஓரியன்டேஷனையும் கல்வித் திட்டத்தையும் முடித்திருந்தால் முன்னால் வருவார்கள். இரண்டு பருவம் தொடர்ந்து புரொபேஷனில் (படிப்பில் பின்தங்கியதற்கான எச்சரிக்கை நிலையில்) இருந்தாலோ, பட்டத்துக்கான யூனிட் 100-ஐத் தாண்டினாலோ முன்னுரிமை போய்விடும். வெயிட்லிஸ்ட்டில் இருந்தால் முதல் நாள் வகுப்புக்குக் கட்டாயம் போங்கள், ஆசிரியர் தரும் ஆட் கோடு (வகுப்பில் சேர அனுமதிக்கும் எண்) வராதவர்களுக்குக் கிடைக்காது.

கேள்வி: கம்யூனிட்டி காலேஜிலேயே பி.எஸ். படிக்க முடியுமா?

பதில்: குறிப்பிட்ட துறைகளில் முடியும். 2014-இல் 15 கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கியது, 2021-இல் நிரந்தரமானது. ஃபுட்ஹில்லில் டென்டல் ஹைஜீன், ரியோ ஹோண்டோவில் ஆட்டோமோட்டிவ் டெக்னாலஜி போன்றவை. மேல்நிலை யூனிட்டுக்கு 130 டாலர், முழுப் பட்டமும் சுமார் 10,560 டாலர். சிஎஸ்யூ, யூசி ஏற்கெனவே தரும் பட்டங்களை இங்கே நகலெடுக்க அனுமதியில்லை, அதனால் இவை பெரும்பாலும் வேலை சார்ந்தவை.

கேள்வி: என் மனைவி எச்-4. ஆங்கிலம் பேசப் பழக ஏதாவது?

பதில்: நான்கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் வராத) பிரிவில் ஆங்கில வகுப்புகள் உண்டு, யூனிட் கட்டணம் இல்லை. கிரேடும் பெரும்பாலும் இல்லாததால் டிரான்ஸ்கிரிப்ட் பயமும் வேண்டாம். காலேஜின் நான்கிரெடிட் அல்லது அடல்ட் எஜுகேஷன் அலுவலகத்தில் கேளுங்கள், பொது விண்ணப்பத்துக்குப் பதிலாகத் தனிப் படிவம் வைத்திருப்பார்கள். பருவ நடுவில்கூடச் சேர்க்கும் காலேஜ்கள் இருக்கின்றன.