ரத்தம் பால்போல் இருந்தது: கணைய அழற்சி பற்றிய கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 39. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். கடந்த மாதம், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவிய கடும் வலியுடன் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. ரத்தப் பரிசோதனையில், கணையம் பாதித்தால் உயரும் அமைலேஸ் என்ற நொதி சரியாக இருந்தது. ஆனால் ரத்தம் பால் கலந்ததுபோல் இருப்பதாகச் சொன்னார்கள், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 2,840. ஐ.சி.யூ.வில் இன்சுலினையும் குளுக்கோஸையும் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். சர்க்கரை நோயாளிக்கு எதற்குக் குளுக்கோஸ்? இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டியிருக்கலாம் என்று முதல் நாள் சொன்னவர்கள், மறுநாள் வேண்டாம் என்றார்கள். எங்கள் பண வசதியைப் பார்த்து விட்டுவிட்டார்களோ என்று மனம் உறுத்துகிறது. அவர் மதுவைத் தொடாதவர். உறவினர்களோ நம்ப மறுக்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உறவினர்களின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கணைய அழற்சிக்குப் பித்தப்பைக் கல்லும் மதுவும் முதல் இரண்டு காரணங்கள் என்றால், அவற்றுக்கு அடுத்து வருவது ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுவதுதான். இதன் அளவு 100 மில்லியில் 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 1,000-ஐத் தாண்டும்போது கணையத்துக்கு ஆபத்து தொடங்கி, 2,000-க்கு மேல் பன்மடங்காகிறது. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய் ஒன்றே, பரம்பரைச் சாய்வு உள்ளவரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு துளி மதுவும் தேவையில்லை.

அவருடைய ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்திருந்தால், மேலே பாலாடைபோல் ஒரு படலம் ஒதுங்கியிருப்பதைப் பார்த்திருக்கலாம். உண்ட உணவிலிருந்து குடல் கட்டி அனுப்பும் கைலோமைக்ரான் என்னும் கொழுப்புத் துகள்கள் அவை. கணையத்தின் நுண்ணிய நாளங்களில் இவை நெரிசலாக நிற்கும்போது, கணையம் சுரக்கும் லைபேஸ் நொதியே இவற்றை உடைக்கிறது. அப்போது வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் கணையச் செல்களையும் நாளச் சுவர்களையும் தாக்க, ரத்த ஓட்டமும் தடைப்பட்டு, அழற்சி மேலும் மூள்கிறது. அமைலேஸ் சரியாக இருந்ததற்கும் இந்தப் பால் நிறமே காரணமாக இருக்கலாம்: மிகுந்த கொழுப்பு அந்தப் பரிசோதனையைக் குழப்பி, உயர்ந்திருக்கும் அளவையும் இயல்பானதாகக் காட்டிவிடும். சோடியமும் இவ்வாறே பொய்யாகக் குறைந்து தெரிவதுண்டு. இத்தகைய நோயாளியிடம் அமைலேஸை மட்டும் நம்பி ‘வெறும் வாயு’ என்று வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்கேன் எடுத்தது நல்லதாயிற்று.

இன்சுலினுக்கு வருவோம். அது சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்றே நாம் அறிந்திருக்கிறோம். இங்கே அதற்கு வேறு வேலை. ரத்தநாளச் சுவரில் இருந்துகொண்டு ட்ரைகிளிசரைடைக் கரைக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியை அது முடுக்குகிறது. உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து புதிய கொழுப்பு அமிலங்கள் ரத்தத்துக்கு வருவதையும் தடுக்கிறது. இதற்காக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.1 முதல் 0.3 யூனிட் வரை தொடர்ந்து ஏற்றுவார்கள். கொழுப்பு இறங்குவதற்குள் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் குளுக்கோஸையும் கூடவே ஏற்றுகிறார்கள். மணிக்கு ஒருமுறை விரலில் குத்தி உங்கள் கணவரைத் தூங்கவிடாமல் செய்ததும், பொட்டாசியத்தை அடிக்கடி பார்த்ததும், இன்சுலின் ஏறும்போது இவை இரண்டும் தாழக்கூடும் என்பதால்தான். பொதுவாக ட்ரைகிளிசரைடு 500-க்குக் கீழே வந்ததும் இன்சுலின் ஏற்றுவதை நிறுத்துவார்கள்.

இனி உங்கள் மனத்தை உறுத்தும் கேள்வி. இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில், கழுத்திலோ தொடையிடுக்கிலோ உள்ள பெரிய சிரையில் குழாய் செருகி, ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு, ஆல்புமின் என்ற புரதம் முதலியவற்றை ஈடாக ஏற்றுகிறார்கள். ஒரே அமர்வில் ட்ரைகிளிசரைடு பாதிக்கு மேல் இறங்குவது உண்மைதான். அறிக்கையில் எண் சரிவதைப் பார்க்க யாருக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் உணவை நிறுத்திவைப்பதும் இன்சுலினும் சேர்ந்தே ஓரிரு நாட்களில் பெரும்பாலோருக்கு அளவை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. இயந்திரத்தால் கூடுதலாக உயிர் பிழைக்கிறார்கள் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. குழாய் வழியே நோய்த்தொற்று, ஒவ்வாமை ஆகிய தொல்லைகளும் உண்டு. உறுப்புகள் செயலிழக்கும் நிலையிலும், மருந்துகளை விருப்பம்போல் கொடுக்க முடியாத கர்ப்பிணிகளிடமும் இதைப் பரிசீலிப்பதுண்டு. முதல் நாள் ‘வேண்டியிருக்கலாம்’ என்று சொல்லி, மறுநாள் முன்னேற்றத்தைப் பார்த்துக் கைவிட்டது முறையான மருத்துவமே. உங்கள் பணப்பைக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

மற்ற சிகிச்சையெல்லாம் எந்தக் கணைய அழற்சிக்கும் பொதுவானது: வலி நிவாரணம், ரிங்கர் லாக்டேட் போன்ற திரவம், வலி தணிந்ததும் தாமதமின்றி உணவு. திரவத்தை அளவின்றி ஏற்றும் பழைய வழக்கம் மாறிவிட்டது. இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிகோ மருத்துவமனைகள் பங்கேற்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், மிதமாக ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு உடலில் நீர் மிகுந்தது. தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் அது 20 பேருக்கு நேர்ந்ததால், ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். நோய்த்தொற்று இல்லாதபோது ஆன்டிபயாடிக் தேவையில்லை.

கேள்வி: இதே நோயிலிருந்து மீண்ட என் தம்பிக்கு, ட்ரைகிளிசரைடைக் குறைக்கும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அளவு இன்னும் 1,100-இல் நிற்கிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால் பயமில்லை என்றும், தேங்காய் எண்ணெய் கணையத்துக்கு நல்லது என்றும் சொல்கிறார்களே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: செக்கில் ஆட்டினாலும் ஆலையில் எடுத்தாலும், எண்ணெய் என்பதே ட்ரைகிளிசரைடுதான். இதயத்துக்கு எந்த எண்ணெய் நல்லது என்ற விவாதத்துக்கு, உங்கள் தம்பியின் இன்றைய நிலையில் இடமில்லை. தேங்காய் எண்ணெய்க்கு விலக்கு உண்டு என்ற நம்பிக்கை, பொதுவாகக் கைலோமைக்ரானாக மாறாத நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் அதில் இருப்பதால் வந்தது. அதில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலமோ பெரும்பகுதி கைலோமைக்ரானாகவே ரத்தத்தில் சேர்கிறது. அளவு 1,000-க்குக் கீழே வரும்வரை, கண்ணுக்குத் தெரியாத கொழுப்பையும் சேர்த்து நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே ஏறத்தாழ நாலரை கிராம் போய்விடும் என்பதால், வடையும் பூரியும் அறவே கூடாது. தாளிப்பதற்குக் கரண்டியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இனிப்பும் பழச்சாறும் கல்லீரலில் ட்ரைகிளிசரைடாக மாறுபவை, அவையும் வேண்டாம். மது ஒரு வாய்கூடக் கூடாது.

மாத்திரையின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதித்து, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவை காரணமா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இறங்காமல், சிறு வயதிலிருந்தே வலி வந்திருந்து, பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களாகவும் இருந்தால், பிறவியிலேயே லிப்போபுரோட்டீன் லைபேஸ் செயலற்றிருக்கும் அரிய நோயா என்று மரபணுப் பரிசோதனை செய்யலாம். அந்த நோய்க்கு ஃபீனோஃபைப்ரேட் அவ்வளவாகப் பலிக்காது; அதற்கென்றே ஒலெசார்சென் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதி அளித்தது.

கேள்வி: எனக்கு ட்ரைகிளிசரைடு 320. கணையம் பாதிக்குமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இந்த அளவில் கணையத்தைப் பற்றிய கவலை வேண்டாம், இதய நோய் அபாயத்துக்காகச் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ மருத்துவரிடம் இந்த எண்ணை மறக்காமல் சொல்லுங்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது இயல்பாகவே பலமடங்கு ஏறக்கூடியது.